பந்தைத் தொடாத கியூ

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னதை நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். தீப்பிடித்த கிடங்குகளுக்குக் காப்பீட்டுக் கம்பெனி சார்பில் போய், தானாகப் பிடித்ததா வைத்ததா என்று விசாரித்தே தலை நரைத்தவன் நான். எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை. பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

சென்ற ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் உங்கள் பூல் ஆட்டக் கடையில் இருந்தீர்கள். மாப்பிள்ளை மருந்துக் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தார். சம்பந்தியம்மா சமையலறையில் இருந்தார்கள். கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு நான் பரிசாகக் கொடுத்த, பூல் பந்து அடிக்கும் அந்தக் கியூக் குச்சியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். "எதுக்குப்பா இப்ப?" என்றாள். பார்க்கத்தான் என்றேன். பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். பால் பொங்கும் வாசனை எதுவும் வரவில்லை.

பெட்டியைத் திறந்தேன். நான் கொடுத்த கியூதான். கருங்காலி மரத்தில் தீக்கொழுந்து போல ஏறும் நான்கு கூர்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளி இழை. ஆனால் நுனிக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையத்தில் ஒரு நீலம். துடைத்தும் போகாத நீலம். பந்தை அடிக்குமுன் நுனியில் தேய்க்கிற சாக்கட்டியின் நிறம் அது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுனியின் தோலும் அடிபட்டு மழுங்கியிருந்தது.

இதைப் பந்தில் படவிடக் கூடாது, காட்சிப் பொருளாக மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நீங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். அதை வெளியே எடுத்தது யார்? மாப்பிள்ளையா, அல்லது உங்கள் கடைக்கு வருகிற யாராவதா? ஒரு வார்த்தையும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்


மார்ச் 9

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் பதிவுத் தபாலில் வந்ததால், யாரோ நம்மேல் கேஸ் போட்டுவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரி பயந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் கேஸேதான்.

முதலில் உங்கள் மாப்பிள்ளைக்காக நான் வக்காலத்து வாங்குகிறேன். அவனுக்கும் பூல் ஆட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். டயர் கடைக்கு மேல்மாடியில் ஆறு மேசை போட்டுத்தான் அவனைப் படிக்க வைத்தேன். அந்தப் பந்துகளை அடுக்கி அடுக்கி அவனுக்கு ஆட்டமே கசந்துவிட்டது. இன்றைக்கும் கடைப் படிக்கட்டில் கால் வைக்க மாட்டான். நீங்கள் கொடுத்த பெட்டியை அவன் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான் என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். என் கடைக்கும் அது வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

வளையத்தில் நீலம் என்கிறீர்கள். உங்கள் கண்ணைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கடையில் செய்தவன் ஒருமுறை சோதித்துப் பார்த்த நீலமாக இருக்கக் கூடாதா?

சரி, நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். யாராவது விளையாடியிருந்தால்தான் என்ன குறைந்துவிட்டது? பந்தை அடிக்கத்தானே கியூ? நல்ல குதிரையை வாங்கிக் கொட்டிலில் கட்டி, தினமும் வாலைச் சீவிவிட்டு, ஏறி உட்காராமல் இருந்தால் அது குதிரைக்கும் கேடு, ஆளுக்கும் கேடு. உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கிற கியூக்களைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று ஒரு பழமொழி உண்டு. உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். இந்த விஷயத்தை என் கடைக்கு வருகிற ஒரு பழைய ஆட்டக்காரரிடம் பேர் சொல்லாமல் சொன்னேன். "அசல் சரக்கா இருந்தா அடிச்சுப் பாக்க எவனும் பயப்பட மாட்டான்" என்றார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், சம்பந்தி? அடித்தால் சாயம் வெளுத்துவிடும் என்று ஏதாவது இருந்தால் என்னிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். வெளியே விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அப்பன்


மார்ச் 15

சம்பந்தி அவர்களுக்கு,

பழமொழியைப் பொதுவாகச் சொன்னதற்கு நன்றி. பொதுவாகவே பெற்றுக்கொண்டேன்.

என்னுடைய கியூ போலி என்று எழுதத் துணிந்த முதல் ஆள் நீங்கள். அந்தக் குச்சியைச் செய்தவர் ஆண்டுக்குச் சிலவற்றுக்கு மேல் செய்வதில்லை. மரத்தை வருடக்கணக்கில் உலர வைத்து, கொஞ்சம் கடைந்து, மறுபடி உலர வைத்து, அது இனிமேல் கோணாது என்று தெரிந்த பிறகே வெள்ளியைத் தொடுவார். அதற்குச் சொல்லிவைத்துவிட்டு நான் காத்திருந்த காலத்தில் என் மகள் பள்ளி முடித்துக் கல்லூரி முடித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கே போய்விட்டாள். அப்படி வந்ததைத்தான் உங்கள் வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஏன் ஆடுவதில்லை என்று கேட்கிறீர்கள். என் வேலையில் நான் பார்த்ததெல்லாம் எரிந்தது, நனைந்தது, உடைந்தது. ஒரு பொருள் முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று கரியைக் கிளறித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அலமாரியைத் திறப்பேன். இந்த உலகத்தில் இன்னும் எதுவும் ஆகாத சில பொருட்கள் அங்கே நிற்கும். முதல் அடி விழுந்துவிட்டால் அவையும் மற்ற பொருட்களைப் போலத்தான். இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செய்தவர் சோதித்த நீலம் என்ற உங்கள் விளக்கம் நிற்காது. கொடுப்பதற்கு முன் நானே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை பெட்டியையே திறக்கவில்லை என்றால், திறந்தவரை நீங்கள் மறைக்கிறீர்கள் என்றாகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. உங்கள் வீட்டில் அது பாதுகாப்பாக இல்லை என்பது மட்டும் நிச்சயம். தயவுசெய்து கியூவை என்னிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள். மகள் பேரில் நான் பத்திரமாக வைத்திருப்பேன்.

அதுவரை உங்கள் வீட்டுக்கு வருவதாக இல்லை.

இப்படிக்கு,
அவள் தகப்பன்


ஏப்ரல் 2

சம்பந்திக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் ரோஷம் இல்லை. ரோஷம் இருந்தது, ஆனால் அது இரண்டு நாளில் ஆறிவிட்டது.

கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். கனமே இல்லை. திறந்தால் உள்ளே வெறும் வெல்வெட். என் வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மகன் ஊரிலிருந்து வந்ததும் கேட்டேன். "அவளக் கேளுங்கப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மருமகளைக் கேட்டேன். "ஒரு இடத்துல குடுத்திருக்கேன் மாமா, வந்துடும்" என்றாள். எந்த இடம் என்றதற்கு, நுனித் தோல் மாற்றக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நுனித் தோல் மாற்றுவதை இந்த ஊரில் நான்தான் செய்கிறேன். மாமனார் கடையை விட்டு வேறெங்கே கொடுப்பாள்?

எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்கள் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். அந்தச் சமயம் பார்த்துப் பொருள் காணாமல் போகிறது. உங்கள் மகளை வைத்து நீங்களே எடுத்துக்கொண்டு, எங்கள் தலையில் பழி போட நினைக்கிறீர்களா? விசாரணை செய்கிறவர்களுக்கு எல்லா வித்தையும் தெரிந்திருக்கும் என்கிறார்கள். அப்படி இருந்தால் ஒரு வரி எழுதிவிடுங்கள். சிரித்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

அப்படி இல்லை என்றால், மேற்கொண்டு எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் மதியத்தோடு வேலை முடிகிறது. வீட்டுக்கு வருவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு. ஷிஃப்ட் மாறிவிட்டதா என்று கேட்டால் ஆமாம் என்கிறாள். அங்கே காவலுக்கு இருப்பவர் என் கடைக்கு வருகிறவர்தான். எதுவும் மாறவில்லை என்கிறார். அவளிடம் நான் இதைக் கேட்கவில்லை. பெண்பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் உங்கள் மகள். நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பன்


ஏப்ரல் 8

சம்பந்தி அவர்களுக்கு,

நான் எடுக்கவில்லை. என் மகள் மேல் ஆணை.

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்கினாள். ஒரு செய்திக்கு ஒன்பது கேள்வி கேட்கிறவள் அவள். விசாரணையில் நான் கற்றது இது: அதிகம் பேசுகிறவரை விட்டுவிடு, திடீரென்று பேச்சை நிறுத்தியவரைப் பிடி. "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். "எனக்கு என்ன தெரியும்?" என்று என் கேள்வியையே திருப்பிக் கொடுத்தாள்.

அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருக்கும் பழக்கடையில் நின்றேன். மகள் வெளியே வந்தாள். தோளில் நீளமாக ஒரு குழாய்ப் பை. வரைபடத்தைச் சுருட்டி எடுத்துப் போவார்களே, அந்த மாதிரி. அவளுக்கு வரைபடத்தோடு என்ன வேலை? பஸ் ஏறினாள். நான் வாடகைக் காரில் பின்னாலேயே போனேன். எத்தனையோ பேரைப் பின்தொடர்ந்திருக்கிறேன். சொந்த மகளைப் பின்தொடரும்போது கார் ஓட்டுகிறவரிடம் என்ன காரணம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆற்றுப் பாலம் தாண்டி, பெயின்ட் கடை இருக்கும் கட்டிடத்துக்குப் பக்கத்துச் சந்தில் இறங்கினாள். அங்கே ஒரு இரும்புப் படிக்கட்டு. மேலே போர்டு எதுவும் இல்லாத கதவு. தட்டினாள். வெயில் கண்ணாடி போட்டு, முடிக்குச் சாயம் பூசிய ஓர் ஆள் கதவைத் திறந்து, சிரித்து, பையை வாங்கிக்கொண்டான். கதவு மூடியது. வாடகைக் காரில் உட்கார்ந்தபடியே காத்திருந்தேன். அவள் இறங்கி வந்தபோது நிழல்கள் நீண்டுவிட்டிருந்தன. முகத்தில் ஒரு சந்தோஷம். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

எரிந்து கூரை தொங்கும் கட்டிடங்களுக்குள் தனியாகப் போயிருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் என்னால் ஏற முடியவில்லை.

நீங்கள் அந்தப் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். முன்பு எழுதியவற்றில் கடுமையாக ஏதாவது இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவள் தகப்பன்


ஏப்ரல் 12

சம்பந்திக்கு,

வெயில் கண்ணாடி, சாயம் பூசிய முடி, இரும்புப் படிக்கட்டு. மூன்றாவது வரியிலேயே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவனை நாங்கள் கூலிங்கிளாஸ் என்போம். ஒரு காலத்தில் என் கடைக்குக் கூட்டாளி. பிறகு பிரிந்து போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாகப் பூல் மேசை போட்டு, என் வாடிக்கையாளரில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனவன். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது அவன் கடைதான். நீங்கள் பார்த்தது பின்வாசல்.

உங்களுக்கு மூச்சு வந்திருக்கும். எனக்கு நின்றது.

போனேன். பின்வாசல் வழியாகவே போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள், சத்தம் இல்லை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். உங்கள் மகள் மேசை மேல் குனிந்திருந்தாள். தாடைக்குக் கீழே உங்கள் கருங்காலிக் குச்சி. ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தாள். பந்து மேசையின் முழு நீளமும் ஓடி மூலைக் குழியில் விழுந்தது. வெள்ளைப் பந்து திரும்பி வந்து, அடுத்த பந்துக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. சம்பந்தி, எனக்கு இந்தத் தொழில் சோறு போடுகிறது. நான் அடித்தால் அப்படி நிற்காது.

அந்தக் குச்சியின் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கடைக் குச்சிகள் தட்டும். இது தட்டவில்லை. நல்ல கதவு ஒன்று தாழில் போய் உட்காருவது போல் ஒரு சத்தம். போலி என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வாங்க மாமா" என்றாள், வீட்டுக்கு வந்தவனைக் கூப்பிடுவது போல. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் கடையில ஆறு மேசை கிடக்கு. இவன் கடைதான் கிடைச்சுதாம்மா உனக்கு?" என்றேன்.

குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமான புதுசுல உங்க கடைக்கு வந்தேன் மாமா. ஆசையா ஒரு குச்சிய எடுத்தேன். மேசைத் துணி கிழிஞ்சிடும்மா, வெச்சிடுன்னீங்க. அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. இங்க யாரும் சிரிக்கல."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அப்படிப் பேசக்கூடியவன்தான் நான்.

கணவனுக்குத் தெரியுமாம். அவன்தான் பெட்டியை அவளிடம் கொடுத்து, "எனக்கு இது எதுக்கு, நீ வெச்சுக்கோ" என்றானாம். உங்கள் வீட்டம்மாவுக்கும் தெரியுமாம். ஆக, என் வீட்டுக்காரியை விட்டால், இரண்டு வீட்டிலும் தெரியாமல் இருந்தது நாம் இரண்டு பேர்தான். மே மாதம் நகரப் போட்டி நடக்கிறது. பெண்கள் பிரிவில் பேர் கொடுத்திருக்கிறாள்.

இதில் கூலிங்கிளாஸுக்கு என்ன லாபம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சும்மா சொல்லிக்கொடுக்கிறானாம். அவன் சும்மா தும்மக்கூட மாட்டான். என் மருமகளையே தன் கடைப் பேரில் ஆடவிட்டு என்னை ஊர் சிரிக்க வைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் வந்து அவளிடம் பேசுங்கள். பேசும்போது ஒருமுறை அவள் ஆடுவதையும் பாருங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பன்


ஏப்ரல் 20

சம்பந்தி அவர்களுக்கு,

பேசினேன். வீட்டுக்கு வரச் சொன்னேன், வந்தாள். எனக்குத் தெரியாமல் என் பொருளை இத்தனை பேர் சேர்ந்து நடமாட விட்டிருக்கிறீர்கள் என்றேன். உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன். நீங்கள் ஏப்ரலில்தான் தெரிந்துகொண்டீர்கள் என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அவள் குரலை உயர்த்தவில்லை. "சின்ன வயசுலேர்ந்து நீங்க அதையெல்லாம் துடைக்கறத வாசல்ல நின்னு பாத்திருக்கேன். சாவி உங்க கழுத்துல இருக்கும். அடிச்சா என்ன சத்தம் வரும்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணலையாப்பா?"

தோன்றியதில்லை என்றேன். அது உண்மைதானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒன்று சொன்னாள். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். "பன்னெண்டுல ஒண்ண வெளிய குடுத்தீங்க. அதையும் ஆட்டமே பிடிக்காத மாப்பிள்ளைக்குக் குடுத்தீங்க. பக்கத்துல நான்தானேப்பா நின்னுட்டு இருந்தேன்."

கொடுத்த நிபந்தனை நிபந்தனைதான் என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து, அந்தக் குழாய்ப் பையிலிருந்து கியூவை எடுத்து மேசையில் வைத்தாள். சாப்பிடாமல் போய்விட்டாள். போட்டிக்கு ஏதோ ஒரு கடைக் குச்சியை வைத்து ஆடிக்கொள்வாளாம். இப்படிச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டால் நான் குற்ற உணர்ச்சியில் உருகிவிடுவேன் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அது நீங்களா, கூலிங்கிளாஸா, என் மனைவியா?

கியூ இப்போது என் அலமாரியில் இருக்கிறது. மற்றவற்றோடு சேரவில்லை. பிடியில் சுற்றிய தோல் ஓரிடத்தில் கறுத்திருக்கிறது. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். விரல்கள் வெளியே நின்றன. சின்னக் கை பிடித்த அடையாளம். இதற்கென்றே வைத்திருக்கும் எண்ணெயைத் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தேன், பிறகு நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள்.

மனைவி என்னிடம் பேசுவதில்லை. தட்டில் போடுகிறாள், போகிறாள்.

இப்படிக்கு,
அவள் தகப்பன்


மே 11

சம்பந்திக்கு,

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்துக் கேட்கிற பெண்ணாக இருந்தால் பாலம் தாண்டிப் போயிருப்பாளா?

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படி ஏற மாட்டேன் என்றாள். வாசலில் நின்றே, மேலே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அதன் பிறகுதான் படி ஏறினாள். ஏறியதும் என் மேசை ஒன்று ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். இத்தனை வருஷமாக யாரும் சொன்னதில்லை. பந்தை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு உருண்டு போயிற்று. ஜன்னல் பக்கத்து மேசை. அதில்தான் நான் ஆடித் தோற்பேன். ஒரே நாளில் எனக்கு ஒரு சாக்கும் கிடைத்தது.

கூலிங்கிளாஸோடும் பேசிவிட்டேன். என்ன லாபம் என்று நேராகவே கேட்டேன். "ஒன் மருமகள்னு தெரியாதுய்யா. தெரிஞ்சிருந்தா கதவத் திறந்திருக்க மாட்டேன்" என்றான். அதை நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

என் கடைக் குச்சிகளில் கோணாத ஒன்றைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அதை வைத்தே இரண்டு சுற்று ஜெயித்துவிட்டாள். வருகிற ஞாயிறு காலையில் அரை இறுதி, அது தாண்டினால் மத்தியானம் இறுதி. நகராட்சி விளையாட்டு அரங்கத்தில்.

குச்சியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டீர்கள். ஆகவே அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வாசல் பக்கம் பார்க்கிறாள். யாரைப் பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு விசாரணை தேவையில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பன்


மே 19

சம்பந்தி அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னைப் பார்த்தது இறுதி ஆட்டத்தில்தான். நான் அரை இறுதிக்கே வந்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தூணுக்குப் பின்னால் உட்கார்வது எனக்குப் பழக்கம்.

மகள் ஆடி நான் பார்த்ததில்லை. ஆட்டம் எனக்கு அவ்வளவு தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆள் பதற்றத்தில் இருக்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும். குனிந்தபோது அவள் முதுகில் ஒரு பொய்யும் இல்லை. உங்கள் கடைக் குச்சி இரண்டு முறை அவள் கையில் வழுக்கியது. இரண்டு முறையும் அவள் குச்சியைக் குறை சொல்லவில்லை. என் மடியில் வேறொரு பெட்டி, அதற்குள் அந்தக் கருங்காலிக் கியூ.

அரை இறுதியில் ஜெயித்துவிட்டு, இடைவேளையில் அவள் தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் போய் நின்றேன். பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை. நான் என் வேலையில் மற்றவர்களைப் பார்த்தது போல என்னையே பார்த்தாள்.

"எதுக்குப்பா? அப்புறம் திருப்பிக் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன்."

"எழுத்துல தருவீங்களா?"

சட்டைப் பையில் பேனா இருந்தது. போட்டி அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தேதியோடு. அவள் அதைப் படித்தாள். "சும்மா கேட்டேம்பா" என்றாள். ஆனால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் மகள்தான்.

பிறகு நடந்தது நீங்களும் பார்த்ததுதான். நீங்கள் எழுதிய சத்தத்தை நானும் கேட்டேன். கதவு தாழில் உட்காருவது போல என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எழுதுகிறேன்.

மற்ற பதினொன்றைப் பற்றி என் கொள்கை மாறவில்லை. அலமாரி பூட்டியே இருக்கும். ஆனால் நேற்று அவற்றின் முன்னால் நின்றபோது, ஒவ்வொன்றும் என்ன சத்தம் போடும் என்ற எண்ணம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். என் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பதினொன்றில் எது முதலில் வெளியே வரும் என்றுதான் முதல் கேள்வி. கழுத்திலிருந்த சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். அவள் தோற்றதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியாக விழ வேண்டிய கறுப்புப் பந்து குழியின் உதட்டில் நின்றது அவள் குற்றம், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு முந்தைய அடியைக் கவனித்தீர்களா? எதிரே ஆடிய அந்தப் பல் டாக்டரம்மா குனிந்தபோது, அவருடைய சட்டைக் கை கோடு போட்ட பந்தில் பட்டது. பந்து அசைந்தது. விதிப்படி அது தவறு. நடுவர் அந்த நேரத்தில் புள்ளிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். கூலிங்கிளாஸும் பார்த்ததாகச் சொல்கிறார். அவரிடம் எழுத்தில் வாங்கிவிட்டேன். மகள் "விடுங்கப்பா, அவங்க நல்லாத்தான் ஆடினாங்க" என்கிறாள். விசாரணையில் பாதிக்கப்பட்டவர் எப்போதும் இப்படித்தான் சொல்வார். அமைப்பாளர்களுக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புகிறேன். நீங்களும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் பார்க்கவில்லை என்றால், ஏன் பார்க்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் அவள் ஆடப்போகும் போட்டிக்கு எனக்கு முன்வரிசையில் ஓர் இடம் பிடித்து வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் வேண்டாம். பந்து எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நீங்கள் சாய்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் மேல் இரண்டு முறை விழுந்தீர்கள். இரண்டாவது முறை நானும் அதே பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தேன் என்று என் மனைவி சொல்கிறாள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அவள் அப்பா